லாகோஸில் ஒரு பெட்டி, பீடோங்கில் ஒரு பெட்டி

ஆப்பிரிக்காவிலிருந்து மலேசியத் தோட்டங்களுக்கு வந்து, வந்த வேலையைக் குறைவில்லாமல் செய்துகொண்டிருக்கும் ஒரு விருந்தாளியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒரு சின்ன வண்டு. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். இங்கே அதைக் கொண்டுவந்து நட்டவர்கள் மரத்தை மட்டும்தான் கொண்டுவந்தார்கள். அதன் பூவுக்கு மகரந்தம் சுமக்கும் பூச்சி அங்கேயே தங்கிவிட்டது. அந்தக் குறையை ஈடுகட்டியவை மனிதக் கைகள். இளமரங்களின் பெண் பூங்குலைகளில் மகரந்தத் தூளைத் தூவும் வேலைக்கு ஆட்களை வைத்திருந்தார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டிமாரைக் கேட்டால் அந்த வேலையின் நெளிவுசுளிவைச் சொல்வார்கள். 1981ல் கேமரூனிலிருந்து அந்த வண்டு வந்தது. அதோடு அந்த வேலையும் போயிற்று.

நான் சொல்ல வருவது வண்டு வந்த விதத்தைப் பற்றி. அதை அதன் சொந்த மண்ணிலேயே ஆராய்ந்தார்கள். வேறு பயிரில் வாய் வைக்குமா, நோய் எதையும் ஒட்டிக்கொண்டு வருமா என்று பார்த்தார்கள். இங்கே இறக்கிய பிறகும் தனிமையில் வைத்துக் கவனித்து, அப்புறம்தான் தோட்டத்தில் விட்டார்கள். அனுப்புகிறவர், அழைக்கிறவர் இரு பக்கமும் ஆயத்தம் இருந்தது. அதே ஆப்பிரிக்காவிலிருந்து இன்று பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். அவர்களுக்கும் அவர்களை வரவேற்கும் ஊருக்கும் அதில் பாதி ஆயத்தமாவது இருக்கிறதா? இல்லை என்பதுதான் என் எண்ணம்.

கெடாவுக்கு அவர்கள் வருவது பலருக்குத் தெரியாது. ஆப்பிரிக்க மாணவர் என்றாலே சைபர்ஜெயாவும் சுபாங் ஜெயாவும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1984ல் தொடங்கி, இன்று சிந்தோக்கில் இருக்கும் மலேசிய வடபுலப் பல்கலைக்கழகத்தில் நைஜீரியர்களும் சோமாலியர்களும் பல ஆண்டுகளாக, குறிப்பாக மேல்படிப்புக்கு, வந்துபோய்க்கொண்டிருக்கிறார்கள். அலோர் ஸ்டாரில் அல்புகாரி அனைத்துலகப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பல நாடுகளின் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையோடு இடம் கொடுப்பது அதன் நோக்கம். ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் உண்டு. சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில், செமிலிங்கில், குனோங் ஜெராய் தெரியும் இடத்தில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். ம.இ.கா.வின் கல்விக்கரமான எம்ஐஇடி 2001ல் தொடங்கி, நம் ஊரின் அமான்ஜெயாவில் தற்காலிக வளாகத்தில் நடத்தி, பிறகு 228 ஏக்கர் நிலத்துக்குக் கொண்டுபோனது. வெளிநாட்டு மாணவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. 2025க்குள் இரண்டரை லட்சம் வெளிநாட்டு மாணவர் என்று அரசாங்கம் தன் உயர்கல்வித் திட்டத்தில் இலக்கே எழுதி வைத்தது. ஆக, அவர்கள் தற்செயலாக வந்து இறங்குகிறவர்கள் இல்லை. நாம் கூப்பிட்டு வருகிறவர்கள்.

ஏன் இங்கே என்று கேட்டால் பதில் எளிது. தனியார் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தில் பாடம். பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ ஆகும் செலவில் ஒரு பகுதிதான் இங்கே ஆகும். முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஹலால் உணவும் பள்ளிவாசலும் எங்கும் உண்டு. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத் தேவாலயமும் உண்டு. லண்டன் விசா கிடைக்காதவன் கோலாலம்பூருக்கு வருகிறான் என்று சிலர் இளக்காரமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நம் பிள்ளைகள் ஒரு காலத்தில் இந்தியாவுக்கும் உக்ரேனுக்கும் இந்தோனேசியாவுக்கும் எதற்காகப் போனார்கள்? இங்கே இடம் கிடைக்காமலும் கட்டணம் கட்ட முடியாமலும்தானே!

ஏஜெண்டு சொல்லாதது

லாகோஸிலோ நைரோபியிலோ பன்னிரண்டாம் ஆண்டுப் பள்ளிப் படிப்பை முடித்த ஒரு பிள்ளை கெடாவுக்கு வரத் தீர்மானித்தால், முதலில் சந்திப்பது ஏஜெண்டைத்தான். அவர் பேசுவது நமக்கும் பழக்கமான பேச்சுதான். “சீட் கன்ஃபர்ம். விசா நாங்க பாத்துக்கறோம். பார்ட் டைம் வேலை செஞ்சே ஃபீஸ் கட்டிடலாம்.” இந்த மூன்று வாக்கியங்களில் முதலாவது மட்டும் பெரும்பாலும் உண்மை. பணம் கொடுத்துச் சேர நினைக்கும் பிள்ளைக்கு இடம் கிடைப்பது பெரிய காரியமே இல்லை.

விசாவை ஏஜெண்டு தருவதில்லை. சேர்த்துக்கொள்ளும் கல்விக்கூடம் இஎம்ஜிஎஸ் என்ற அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களைக் கையாள 2012ல் உயர்கல்வி அமைச்சின் கீழ் அமைக்கப்பட்டது அது. அங்கே கல்விச் சான்றிதழ்களும் மருத்துவ அறிக்கையும் பார்க்கப்படும். குடிநுழைவுத் துறை ஒப்புதல் அளித்த பிறகு விசா ஒப்புதல் கடிதம் வரும். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை பிள்ளை தன் நாட்டிலேயே இருக்க வேண்டும். ‘முதலில் சுற்றுலாப் பயணியாக வந்துவிடு, இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் ஏஜெண்டு, பிள்ளையைக் குற்றவாளியாக்கி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வந்து மாட்டிக்கொண்டவனுக்குத் திரும்பிப் போவதற்கும் காசு இருக்காது. இருப்பதற்கும் தாள் இருக்காது.

சான்றிதழ் விஷயத்தில் மேற்கு ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. நைஜீரியா, கானா, சியரா லியோன், லைபீரியா, காம்பியா ஐந்து நாட்டுக்கும் ஒரே தேர்வு வாரியம். 1952ல் தொடங்கிய அந்த வாரியத்தின் முடிவுகளை இணையத்திலேயே சரிபார்க்கலாம். பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும் கடப்பிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் அங்கேயே கோப்பு நின்றுவிடும். இந்தத் தலைவலி நமக்கும் புதிதல்ல. பிறப்புப் பத்திரத்தில் கிராணி ஒரு மாதிரி எழுதி, பள்ளியில் வாத்தியார் வேறு மாதிரி எழுதி, கடைசியில் அடையாளக் கார்டில் மூன்றாவது மாதிரி வந்து நின்ற எத்தனை தோட்டத்துக் குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம்! ஆப்பிரிக்கப் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் முன்னாலா பின்னாலா என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும். படிக்கத் தீர்மானித்த அன்றே தீர்க்க வேண்டிய வேலை இது. விமானச் சீட்டு வாங்கிய பிறகு தீராது.

மருத்துவச் சோதனை இரண்டு முறை. ஊரில் ஒன்று, இங்கே வந்து இறங்கிய ஏழு நாளுக்குள் ஒன்று. இரண்டாவதில் நெஞ்சுப் படம், இரத்தம், சிறுநீர் எல்லாம் உண்டு. காசநோய் போன்றவை தெரியவந்தால் மாணவர் பாஸ் கிடைக்காமல் போகும். ஊரில் தெரிந்த டாக்டரிடம் சும்மா ஒரு கையெழுத்து வாங்கி வந்தவர்களுக்கு இங்கேதான் இடி விழும். கட்டணம் கட்டியாகிவிட்டது, விமானச் செலவு ஆகிவிட்டது, ஒரே வாரத்தில் திரும்பிப் போ என்றால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன? அதனால் ஊரில் செய்கிற சோதனையை உண்மையாகச் செய்துகொள்வது பிள்ளைக்குத்தான் நல்லது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்கவே கூடாது. நைஜீரியா, கானா, கென்யா, சூடான் போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர்கள் அந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஊசி போட்ட பத்து நாளுக்குப் பிறகே அது செல்லுபடியாகும். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு போட்டுக்கொண்டு வந்தால், விமான நிலையத்தில் தடுத்து வைக்க இடமிருக்கிறது. 2016 முதல் ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் விதியை மாற்றிவிட்டது. ஒரே ஓர் ஊசி, ஒரு மஞ்சள் அட்டை. மிக எளிதான ஆயத்தம் இதுதான். கடைசி நேரத்தில் அதிகம் விட்டுப்போவதும் இதுபோன்றதுதான்.

மூன்றாவது வாக்கியத்துக்கு வருவோம். பகுதி நேர வேலை செய்து கட்டணம் கட்டலாம் என்பது பச்சைப் பொய். வெளிநாட்டு மாணவர் பருவ விடுமுறையிலோ ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுப்பிலோதான் வேலை செய்யலாம். அதுவும் வாரத்துக்கு 20 மணி நேரம். உணவகம், பெட்ரோல் நிலையம், மினி மார்க்கெட், ஹோட்டல் போன்ற இடங்களில் மட்டும்; கல்லாவில் உட்கார முடியாது; கல்விக்கூடத்தின் வழியாகக் குடிநுழைவுத் துறையின் அனுமதியும் வேண்டும். இந்தக் கணக்கில் கைச்செலவுக்கு வேண்டுமானால் கொஞ்சம் வரலாம். இதை நம்பி வந்த பிள்ளை பாடத்துக்குப் போகாமல் திருட்டுத்தனமாக வேலைக்குப் போகும். வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே போனாலோ, மதிப்பெண் சராசரி 2.0க்குக் கீழே விழுந்தாலோ அடுத்த ஆண்டு பாஸ் புதுப்பிப்பதில் சிக்கல் வரும். பாஸ் போனால் படிப்பும் போகும்.

நைராவும் ரிங்கிட்டும்

எல்லாத் தாளும் சரியாக இருந்தும் பாதியில் விட்டுப் போகிறவர்கள் உண்டு. காரணம் நாணய மாற்று. இதை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2023 ஜூனில் நைஜீரிய மத்திய வங்கி நைராவின் விலையைச் சந்தையிடம் விட்டது. அதுவரை ஒரு டாலருக்கு 460, 470 என்று அதிகாரப்பூர்வமாக நின்றிருந்த நாணயம் சில நாட்களிலேயே 750ஐத் தாண்டியது. 2024 தொடக்கத்தில் 1,500ஐயும் தாண்டிவிட்டது. நம் வெள்ளியில் கணக்குப் போட்டால், ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 100 நைராவாக இருந்தது 300க்கு மேல் போயிற்று. ஆண்டுக் கட்டணம் 20,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு இருபது லட்சம் நைரா கட்டிய தகப்பன், அடுத்த ஆண்டுக்கு அறுபது லட்சம் தேட வேண்டும். சம்பளம் அதே சம்பளம். கல்விக்கூடம் கட்டணத்தை ஒரு காசு ஏற்றவில்லை. ஆனாலும் கட்டணம் மூன்று மடங்கு.

இதைப் படிக்கும்போது ஐம்பது வயதைக் கடந்த வாசகர்களுக்கு 1997 நினைவுக்கு வரும். ஒரு டாலர் இரண்டரை ரிங்கிட்டாக இருந்த காலத்தில் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள், 1998 ஜனவரியில் அது நாலரையைத் தாண்டியதைப் பார்த்தன. அந்தச் செப்டம்பரில் அரசாங்கம் 3.80 என்று கட்டிவைத்தபோதுதான் மூச்சு வந்தது. அதற்குள் எத்தனையோ பிள்ளைகள் மூட்டை கட்டித் திரும்பியிருந்தார்கள். அரசாங்கமே வெளிநாட்டு உபகாரச் சம்பளங்களைக் குறைத்தது. பாதிப் படிப்பு இங்கே, பாதிப் படிப்பு அங்கே என்ற ஏற்பாடுகள் அதற்குப் பிறகுதான் நம் தனியார் கல்லூரிகளில் வேகமெடுத்தன. நம் குடும்பங்கள் அன்று பட்டதைத்தான் இன்று நைஜீரியாவின் லாகோஸிலும் கானோவிலும் படுகிறார்கள்.

இன்றைய மாற்று விலையில் நான்கு ஆண்டுக் கணக்கைப் போடுவது கணக்கே ஆகாது. முதல் ஆண்டுக் கட்டணமும் ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவும் புறப்படும் முன்பே கையில் இருக்க வேண்டும். நாணயம் பாதியாக விழுந்தால் யார் கைகொடுப்பார், எந்த நிலத்தை விற்பது, ஒரு பருவம் படிப்பை நிறுத்திவைக்கக் கல்விக்கூடம் ஒப்புக்கொள்ளுமா என்ற கேள்விகளுக்கும் முன்கூட்டியே பதில் இருக்க வேண்டும். இந்தப் பேச்சை வீட்டில் எடுத்தால் அபசகுனம் என்பார்கள். எடுத்தே ஆக வேண்டும்.

நம் பக்கத்தில் இதற்குச் சில வழிகள் உண்டு. ஊழியர் சேமநிதியில் பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். 2024 மே மாதத்தில் கணக்குகளை மூன்றாகப் பிரித்த பிறகு, அது அக்கவுன் செஜாத்ரா என்ற பகுதியிலிருந்து. 1997ல் தொடங்கிய பிடிபிடிஎன் கடன் உள்நாட்டுக் கல்விக்கூடங்களுக்குத்தான். வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளை அதை நம்ப முடியாது. ஆப்பிரிக்கப் பிள்ளைகளில் பலருக்கு இந்த அளவு வாசல்கூட இல்லை. ஊரே கூடிப் பணம் போட்டு ஒரு பிள்ளையை அனுப்புவது அங்கே சாதாரணம். அந்தப் பிள்ளைக்குப் படிப்பில் தோற்கக்கூட உரிமை இல்லை. ஒரு குடும்பத்துக்குப் பதில் சொல்வது வேறு, ஒரு கிராமத்துக்கே பதில் சொல்வது வேறு.

படித்து முடித்த பிறகு

பட்டம் ஊரில் செல்லுமா என்று கேட்காமல் விமானம் ஏறியவர்களின் கதை நம்மிடமே இருக்கிறது. உக்ரேனில் உள்ள கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கான அங்கீகாரத்தை 2005ல் நம் அரசாங்கம் மீட்டுக்கொண்டபோது, அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களில் கணிசமானோர் நம் இந்தியப் பிள்ளைகள். வீட்டை அடமானம் வைத்தும் நகையை விற்றும் அனுப்பிய பெற்றோர் தெருவுக்கு வந்து முறையிட்டார்கள். யார் மேல் தவறு என்று அன்று பேசிய பேச்சு கொஞ்சமல்ல. அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு விதி கொஞ்சம் தெளிவானது. வெளிநாட்டில் மருத்துவம் படிக்க எஸ்பிஎம்மில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் உள்ளிட்ட ஐந்து பாடங்களில் குறைந்தது ‘பி’ வேண்டும், உயர்கல்வி அமைச்சின் ஆட்சேபமில்லாச் சான்றிதழும் வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது.

கெடாவுக்கு வரும் பிள்ளையும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும், அதுவும் இரண்டு முறை. முதலில், சேரப் போகும் பாடத்திட்டம் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா? பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, அந்தப் பாடத்திட்டத்தின் பெயரே இருக்க வேண்டும். பதிவேட்டை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டாவது, அந்தப் பட்டத்தைச் சொந்த நாடு ஏற்குமா? வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்புகிற நைஜீரியர், அங்குள்ள மருத்துவ மன்றத்தின் மதிப்பீட்டுத் தேர்வில் தேறினால்தான் ஊசி போட முடியும். முப்பது வயதுக்குள் பட்டம் பெற்றவர்களுக்கு ஓராண்டு தேசிய இளைஞர் சேவையும் காத்திருக்கிறது; அதற்கு வெளிநாட்டுப் பட்டதாரிகள் சான்றிதழ்களை எல்லாம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கென்யாவில் பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் பட்டத்தைச் சமன்செய்து தர வேண்டும். எனவே இங்கே வாங்கும் ஒவ்வொரு தாளையும், மதிப்பெண் பட்டியல் முதல் பழைய கடப்பிதழ் வரை, பத்திரமாக வைத்திருப்பதும் ஆயத்தத்தில் சேர்ந்ததே.

இந்த வட்டாரத்துக்கு இந்த ஆயத்த வேலை ஒன்றும் புதிதல்ல. சீனத் துறவி யிஜிங் 671ல் கப்பலேறி நாளந்தாவுக்குப் போனபோது, நேரே இந்தியாவுக்குப் போய்விடவில்லை. ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி இலக்கணம் படித்தார். மலாயுவுக்குப் போய், பிறகு நம் கெடாவில் தங்கி, இங்கிருந்து கப்பல் பிடித்து 673ல் வங்கக் கரையிலுள்ள தாம்ரலிப்தியில் இறங்கினார். பிற்பாடு எழுதியபோது, இந்தியாவில் படிக்க விரும்பும் சீனத் துறவிகள் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரண்டு ஆண்டு தங்கி முறைகளைப் பழகிக்கொண்டு போவது நல்லது என்று ஆலோசனையும் சொன்னார். மொழியும் பழக்கவழக்கமும் பிடிபட்ட பிறகு பாடம் தானாகப் பிடிபடும் என்பது அவர் கண்டது. இன்று அந்த ஓரிரண்டு ஆண்டுக்கு யாருக்கும் பொறுமை இல்லை, காசும் இல்லை. புறப்படும் முன் இரண்டு மாதமாவது கிடைக்காதா?

அந்த இரண்டு மாதத்தில் என்ன பழகலாம்? கொஞ்சம் மலாய் பழகலாம். எப்படியும் வெளிநாட்டு மாணவர்கள் இங்கே தொடர்பாடல் மலாய் என்ற கட்டாயப் பாடத்தைப் படிக்க வேண்டியிருக்கும். வகுப்பில் கற்கும் மலாய் சுங்கைப் பட்டாணிச் சந்தையில் பாதிதான் உதவும் என்பது வேறு கதை. கெடாக்காரர் பேச்சு கோலாலம்பூர்க்காரருக்கே சில நேரம் புரிவதில்லை. சமையல் பழகலாம். மாமாக் கடையில் மூன்று வேளை சாப்பிட்டால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது. மரவள்ளிக்கிழங்கும் வெண்டைக்காயும் வாழைக்காயும் கருவாடும் நம் பாசாரில் தாராளமாகக் கிடைக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்கப் பிள்ளைக்கு அந்நியமாகத் தோன்றாது. கிழக்கு ஆப்பிரிக்கப் பிள்ளைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. நாம் ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழின் கேழ்வரகு, முதன்முதலில் அவர்களுடைய மேட்டு நிலத்தில் விளைந்த தானியம். கென்யாவில் அதில் காய்ச்சும் கஞ்சிக்கு உஜி என்று பேர். கோயில் கூழ் ஒரு குவளை கொடுத்தால் யார் யாருக்கு விருந்து வைக்கிறோம் என்ற சந்தேகமே வந்துவிடும்.

சுங்கைப் பட்டாணியில் சொந்த வண்டி இல்லாமல் காலம் தள்ளுவது சிரமம் என்பதையும் யாராவது முன்கூட்டியே சொல்லி வைத்தால் நல்லது. கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து ஊர் வந்து சேர்ந்துவிடலாம். நிலையத்திலிருந்து செமிலிங் போவதுதான் பெரும்பாடு. படத்தில் பார்த்த மலேசியாவில் இரட்டைக் கோபுரம் இருந்திருக்கும். இறங்குகிற இடத்தில் மணிக்கூண்டும், நெல் வயலும், செம்பனையும்தான் இருக்கும். செம்பனையைப் பார்த்தால் மட்டும் ஊர் ஞாபகம் வரும்.

நம் பக்கத்து ஆயத்தம்

2019 ஜூலையில் நைஜீரியாவைச் சேர்ந்த ஒரு முனைவர் பட்ட மாணவர் குடிநுழைவுத் துறைச் சோதனையின்போது பிடிக்கப்பட்டார். அவரிடம் செல்லுபடியாகும் மாணவர் பாஸ் இருந்தது. சில நாட்களில் தடுப்புக் காவலிலேயே இறந்துபோனார். மனைவியும் பிள்ளைகளும் இருந்தவர். அதற்குப் பிறகு ஆப்பிரிக்க மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் முதல் பாடம், கடைக்குப் போனாலும் மாணவர் அட்டையைக் கையில் வைத்திரு என்பதாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அட்டை வேண்டும்தான். ஆனால் தாள்கள் எல்லாம் சரியாக வைத்திருந்த மனிதருக்கு அது நடந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. பிள்ளையின் பக்கத்து ஆயத்தத்தால் மட்டும் தீராத விஷயங்களும் இருக்கின்றன.

இணைய மோசடி, போதைப் பொருள் என்று ஆப்பிரிக்கர் பெயர் செய்தித்தாளில் அடிபட்டது உண்மை. மாணவர் பாஸைத் தப்பாகப் பயன்படுத்திய சிலர் இருந்தார்கள், அதுவும் உண்மை. அந்தச் சிலருக்காக மற்ற எல்லாரும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். புறப்படும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை: விமான நிலையத்தில் யார் எந்தப் பொட்டலத்தைக் கொடுத்தாலும், சொந்த மாமாவே கொடுத்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். 1952ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கட்டாய மரண தண்டனை 2023ல் நீக்கப்பட்டாலும், மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிபதிக்கு இருக்கத்தான் செய்கிறது.

இனி வாடகை வீட்டு விவகாரம். விடுதியில் இடம் முடிந்த மாணவர்கள் தாமான்களில் வீடு தேடுகிறார்கள். ஆப்பிரிக்கர் என்றதும் வீடு இல்லை என்கிறார்கள். சொல்கிறவர்களில் நம்மவர்களும் உண்டு. எனக்கு இதில்தான் மனம் ஒப்பவில்லை. ‘இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை’ என்று விளம்பரத்தில் எழுதியே போடுவதைப் பார்த்துக் குமுறுகிறவர்கள் நாம். நம் பிள்ளை பட்டதாரியாக இருந்தும், வங்கியில் வேலை பார்த்தும், பெயரைக் கேட்டவுடன் போனைத் துண்டித்தார்கள் என்று வீட்டுக்கு வீடு கதை வைத்திருக்கிறோம். அதே வார்த்தையை இன்னொருவனிடம் நாமே சொல்லும்போது நாக்கு கூச வேண்டாமா? அவனைக் குறிக்கத் தமிழில் நம்மவர்கள் பயன்படுத்தும் சொல்லை இங்கே எழுதக்கூட எனக்கு விருப்பமில்லை. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த நம் முதல் தலைமுறையை என்னென்ன பெயரால் கூப்பிட்டார்கள் என்று அப்பாமாரிடம் கேட்டுப் பாருங்கள்.

நம்மிடம் நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. 1982ல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், தோட்டத்துப் பிள்ளைக்கு டியூஷனோடு நின்றுவிடவில்லை. பல்கலைக்கழகம் உனக்கும் உரியது என்ற எண்ணத்தையும் விதைத்தது. ஏற்கெனவே படித்த அண்ணன்மாரும் அக்காமாரும் வந்து தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பீடோங்கில் ஹார்வர்ட் என்றே பெயர் கொண்ட தோட்டமும் அதில் தமிழ்ப்பள்ளியும் உண்டு. ‘நான் ஹார்வர்டில் படித்தவன்’ என்று அந்தப் பள்ளிக்காரர்கள் அடிக்கும் ஜோக் பழசு. அங்கிருந்து படித்து மேலே போனவர்களுக்கு, போகும் வழியில் கைகாட்ட யாராவது ஒருவர் இருந்திருப்பார். சொந்த ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லாமல் அலோர் ஸ்டாரில் இறங்கும் காம்பியப் பிள்ளைக்கு அந்த ஒருவர் யார்?

ஒவ்வொரு கல்விக்கூடத்திலும் வெளிநாட்டு மாணவர் பிரிவு என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. தாள் வேலையை அது பார்த்துக்கொள்ளும். எந்தக் கிளினிக் எட்டு மணிக்கு மேல் திறந்திருக்கும், எந்தக் கடையில் கிழங்கு மலிவு, எழுத்தில் ரசீது வாங்காமல் வாடகை முன்பணம் கொடுக்காதே என்பதை எல்லாம் சொல்வது அதன் வேலை அல்ல. அது ஊர்க்காரர் வேலை.

அதனால் சுங்கைப் பட்டாணியிலும் பீடோங்கிலும் வாடகைக்கு வீடு வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆப்பிரிக்கப் பிள்ளை கதவைத் தட்டினால், மாணவர் பாஸின் நகலைக் கேளுங்கள். கல்விக்கூடத்தின் உறுதிக் கடிதத்தைக் கேளுங்கள். இரண்டு மாத முன்பணத்தையும் முறையான ஒப்பந்தத்தையும் கேளுங்கள். உள்ளூர்க்காரனிடம் கேட்கும் எதையும் அவனிடமும் கேட்கலாம், கூடுதலாக ஒன்றையும் கேட்க வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் வீட்டைக் கொடுங்கள். இந்த ஆண்டு பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: ஏஜெண்டின் கணக்கில் பணம் போடாதீர்கள், கட்டணத்தைக் கல்விக்கூடத்தின் கணக்கிலேயே நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். அதற்கு முன் அந்தப் பட்டம் நம் நாட்டில் செல்லுமா என்பதை உரிய மன்றத்திடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு பெட்டி கட்டுங்கள்.